போலந்து மண்சாலையை இம்ப்ரஷனிஸ்ட் முறையில் வரைவது: சாலை ஏன் எழுந்து நிற்கிறது, பச்சை ஏன் பிரியவில்லை

கேள்வி இதுதான்: போலந்தின் மசோவியா சமவெளியில் எடுத்த ஒரு புகைப்படம். ஆளில்லாத மணல்சாலை, ஓரத்தில் தலை வெட்டிய வில்லோ மரங்கள், மறுபக்கம் ரை என்னும் தானிய வயல், ஜூலை மாத மாலை வெயில். இதை 30×40 செ.மீ. கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் இம்ப்ரஷனிஸ்ட் பாணியில் வரைந்திருக்கிறீர்கள். சாலை தரையில் படுக்காமல் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது, பச்சை எல்லாம் ஒரே பச்சையாக இருக்கிறது, மேலே மேலே தீற்ற வண்ணம் சேறாகிறது.

மூன்றும் தனித்தனிக் குறைகள் அல்ல. தீற்றலில் தொடங்கியிருக்கிறீர்கள், அதுதான் காரணம். இம்ப்ரஷனிசம் என்றதும் சிதறிய தூரிகைத் தடங்கள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் அவை கடைசியாக வருபவை. அவற்றுக்கு அடியில் கணக்குத் தப்பாத ஒரு தரை வேண்டும், வெளிச்சமும் நிழலும் ஐந்தாறு பெரிய துண்டுகளாகப் பிரிந்திருக்க வேண்டும். இந்தக் காட்சியில் அந்த இரண்டையும் சாலைதான் தீர்மானிக்கிறது. சாலை சரியான இடத்திலும் சரியான டோனிலும் (எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு இருள் என்ற அளவு) விழுந்துவிட்டால் மரமும் வயலும் கொஞ்சம் பிசகினாலும் ஓவியம் நிற்கும். சாலை பிசகினால் எவ்வளவு அழகாகத் தீற்றினாலும் நிற்காது.

முதலில் யாரைப் பார்ப்பது

பிரெஞ்சு இம்ப்ரஷனிஸ்ட் மோனேயை மட்டும் பார்த்துவிட்டுப் போலந்துச் சாலையை வரைந்தால் கைக்கு வருவது பிரான்சின் நார்மண்டிதான். போலந்துக்கென்றே ஆட்கள் உண்டு. வுவாதிஸ்வாஃப் பொத்கோவின்ஸ்கியும் யூசெஃப் பன்கியேவிச்சும் 1889-இல் பாரிஸ் போனார்கள். இருவரும் 1866-இல் பிறந்தவர்கள். 1890-இல் வார்சா திரும்பி, கிரிவுல்ட் காட்சிக்கூடத்தில் புதிய பாணி ஓவியங்களை வைத்தார்கள். அங்கிருந்த ரசிகர்களுக்கு அவை பிடிபடவில்லை. பன்கியேவிச்சின் ‘உலர்புல் வண்டி’ அந்த ஆண்டைச் சேர்ந்தது. பொத்கோவின்ஸ்கி மொக்ரா வியெஷ் என்ற மசோவியக் கிராமத்தில் தங்கி வயலையும் தோட்டத்தையும் வரைந்தவர். உங்கள் புகைப்படத்துக்கு நெருக்கமான வெளிச்சம் அந்த ஓவியங்களில் இருக்கிறது: நிழல் நீலம், ஊதா, ஆனால் கறுப்பு இல்லை. இருவருடைய இம்ப்ரஷனிசமும் சில ஆண்டுகள்தான் நீடித்தது. பன்கியேவிச் இருண்ட இரவுக் காட்சிகளுக்கு மாறினார். பொத்கோவின்ஸ்கி 1895 ஜனவரியில் 28 வயதில் இறந்துபோனார்.

வேலை கற்க உதவுபவர் இவர்களைவிட யான் ஸ்தானிஸ்வாவ்ஸ்கி என்பது என் கருத்து. 1897 முதல் கிராக்கோவ் நுண்கலைக் கல்விக்கூடத்தில் நிலக்காட்சி கற்பித்தவர். மாணவர்களை வெளியே கூட்டிப்போய் இயற்கைக்கு முன்னால் வரைய வைத்தவர். அவருடைய பெரும்பாலான ஓவியங்கள் நோட்டுப் புத்தக அளவிலான சிறு பலகைகள். வானம், நிலம், ஒரு மரவரிசை என்று மூன்று நான்கு வடிவங்களுக்கு மேல் போகமாட்டார். தடித்த வண்ணம் வெளிச்சத்தில் மட்டும் இருக்கும். உங்கள் காட்சியை அவர் கண்ணால் பார்த்தால் பாதி விவரம் தானாக உதிர்ந்துவிடும்.

யூசெஃப் கெவ்மோன்ஸ்கியையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அவர் யதார்த்தவாதி. தாழ்ந்த தொடுவானம், சமவெளியின் வெறுமை இவற்றை அவரிடம் கற்கலாம். தூரிகை வேலையை அல்ல.

சாலையைத் தரையில் படுக்க வைப்பது

இங்கே கொஞ்சம் கணக்கு தேவை. ஒருமுறை போட்டுவிட்டால் பிறகு கண்ணே பழகிக்கொள்ளும்.

கேன்வாஸ் 40 செ.மீ. அகலம், 30 உயரம். தொடுவானத்தை அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் வையுங்கள், மேலே 18 செ.மீ. வானம். சமவெளிக்கு இந்தப் பங்கீடு பொருந்தும். பார்ப்பவர் கண் தரையிலிருந்து 1.6 மீட்டரில் இருக்கிறது, ஓவியத்தின் அடிவிளிம்பில் தெரியும் தரை அவரிடமிருந்து 6 மீட்டரில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். தரை சமமாக இருந்தால், தொடுவானத்திலிருந்து எவ்வளவு கீழே என்பது தூரத்துக்கு எதிர்விகிதம்: 72-ஐ மீட்டர் தூரத்தால் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். 6 மீட்டரில் 12 செ.மீ.; 12 மீட்டரில் 6; 24 மீட்டரில் 3; 48 மீட்டரில் 1.5, 72 மீட்டரில் வெறும் 1 செ.மீ.

உங்கள் சாலை எழுந்து நிற்பதன் காரணம் இதில் இருக்கிறது. ஓவியத்தில் தெரியும் முதல் 6 மீட்டர் சாலை (6 முதல் 12 மீட்டர் வரை), ஓவியத் தரையின் கீழ்ப்பாதி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. 24 மீட்டருக்கு அப்பால் தொடுவானம் வரை உள்ள அத்தனையும் மேலே 3 செ.மீ.க்குள் அடைபட வேண்டும். வரைபவர்கள் தூரத்தை ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுவிடுகிறார்கள். தூரத்து மரங்களின் அடி, நிழல் பட்டைகள், சாலை வளைவு எல்லாம் கீழே இறங்கிவிடுகின்றன. அந்தக் கணமே சாலை நிமிர்ந்துகொள்கிறது.

அகலத்துக்கும் இதே வழி. மண்சாலை 3 மீட்டர் அகலம் என்றால், எந்த இடத்திலும் அதன் அகலம் அந்த இடம் தொடுவானத்திலிருந்து இறங்கியிருக்கும் அளவைப் போல 1.9 மடங்குக்குச் சற்றுக் குறைவு. அடிவிளிம்பில் 22.5 செ.மீ.; 12 மீட்டரில் 11; 24 மீட்டரில் 5.6, 48 மீட்டரில் 2.8. வண்டித் தடங்கள் இரண்டுக்கும் இடையே சுமார் ஒன்றரை மீட்டர். அது கண் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே தடங்களின் இடைவெளியும் இறக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். வரைந்தபின் ஸ்கேலை வைத்து இந்த ஒன்றைச் சரிபார்த்தால் போதும்.

மரங்களுக்குத் தொடுவானமே அளவுகோல். தொடுவானக் கோடு எல்லாப் பொருளையும் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் வெட்டும். வில்லோ மரம் 4.8 மீட்டர் என்றால், கண் உயரத்தைப் போல மூன்று மடங்கு: அடி எவ்வளவு கீழே இருக்கிறதோ அதைப் போல இரண்டு மடங்கு தொடுவானத்துக்கு மேலே. 24 மீட்டரில் நிற்கும் மரம் மொத்தம் 9 செ.மீ., அதில் 6 மேலே. 48 மீட்டரில் மொத்தம் 4.5. சாலையில் ஒரு ஆளைச் சேர்க்க ஆசை வந்தால், எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் தலை தொடுவானத்தை ஒட்டியே இருக்க வேண்டும். காலை எங்கே வைக்கிறோமோ அதுதான் தூரம். (ஆள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கண் நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடும். சாலையின் அமைதி போய்விடும்.)

சாலை மேட்டில் ஏறினால் இந்தக் கணக்கு மாறும். ஏறும் பகுதிக்கு மறையும் புள்ளி (சாலையின் இரு விளிம்பும் சேர்வதுபோல் தெரியும் இடம்) தொடுவானத்துக்கு மேலே போகும். மசோவியாவில் அந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று, புகைப்படம். கைபேசியின் பிரதான கேமரா பெரும்பாலும் 26 மி.மீ. லென்ஸுக்கு இணையான அகலக் காட்சி எடுக்கும். அதில் முன்னால் உள்ள மணல் ஊதிப் பெரிதாகவும், மரங்கள் சிறுத்தும் தெரியும். மேலே சொன்ன அளவுகள் கண் இயல்பாகப் பார்க்கும் 48 பாகைக் காட்சிக்கானவை. படத்தின் அகலத்தில் நடு மூன்றில் இரண்டு பங்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் இரண்டும் பொருந்தும். அப்படியே முழுப் படத்தையும் கட்டம் போட்டுப் பிரதி எடுத்தால் சாலை கேன்வாஸின் பாதியை விழுங்கிவிடும்.

அந்த ஊர் வெயில்

நிழலை எவ்வளவு நீளம் போடுவது, வெயிலுக்கு என்ன நிறம் கொடுப்பது என்பதில் தமிழ்நாட்டில் இருந்து வரைபவர் தவறுவது எளிது. வார்சா 52 பாகை வடக்கு. செப்டம்பர் சமபகல் நாளில் நண்பகல் சூரியன் அங்கே 38 பாகை உயரம்தான் ஏறும். பொருளின் உயரத்தைவிட நிழல் நீளம், சுமார் 1.3 மடங்கு. அதே நாளில் சென்னையில் சூரியன் 77 பாகையில் நிற்கும். நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். டிசம்பர் நடுவில் வார்சாவில் நண்பகலிலேயே 14 பாகை சொச்சம். நிழல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

உங்கள் ஜூலை மாலைக்கு வருவோம். ஜூலை கடைசியில் மாலை 6 மணிக்கு அங்கே சூரியன் இன்னும் 22 பாகை உயரத்தில் இருக்கிறது. அஸ்தமனம் இரவு எட்டரைக்கு மேல். நம் கணக்கில் ஆறு மணி என்றால் செம்மஞ்சள். அங்கே அது இன்னும் வெளிர்மஞ்சள் வெயில்தான். ஆரஞ்சைக் கொட்டினால் காலமும் இடமும் இரண்டும் பொய்யாகிவிடும். நிழல் நீளம் இரண்டரை மடங்கு, அதாவது 4.8 மீட்டர் வில்லோவுக்கு 12 மீட்டர். சாலை வடக்கு தெற்காகப் போனால், நிழல்கள் ஏறக்குறைய நேர்குறுக்கே விழுந்து, சாலையைத் தாண்டி வயலுக்குள்ளும் போகும். புகைப்படத்தில் நடப்பதும் அதுதான்.

இந்தக் குறுக்கு நிழல்கள்தான் சாலையைப் படுக்க வைக்கும் பெரிய ஆயுதம். அவற்றின் தடிமன் பிசகினால் அவையே கவிழ்த்தும் விடும். 4 மீட்டர் அகலத் தழை 12 மீட்டர் தூரத்தில் விழுத்தும் நிழல் கேன்வாஸில் 2 செ.மீ. தடிமன் வரும். அதே தழை, அதே நிழல், 24 மீட்டரில் அரை செ.மீ.தான். அதற்கும் அப்பால் வெறும் கோடு. பெரும்பாலானோர் எல்லா நிழலையும் ஒரே தடிமனில் போடுகிறார்கள்; ஏணிப்படி மாதிரி அடுக்கிக்கொண்டு சாலை மேலே ஏறிவிடுகிறது.

நிழல் சாலையின் மேல் போகும்போது தடங்களில் இறங்கி, நடுப் புல்வரிசையில் ஏறி, மறுபடி இறங்கும். அந்தச் சிறு அலை போதும், தடத்தைத் தனியாக வரைய வேண்டிய அவசியமே இருக்காது.

டோன்

வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 10 என்று வைத்தால் இந்தக் காட்சிக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை: தொடுவானத்தை ஒட்டிய வானம் 2, வெயில் பட்ட மணல் இரண்டரை முதல் 3, முற்றிய ரை வயல் 4, வெயில் பட்ட புல் 5, மணல் மேல் நிழல் ஐந்தரை, தூரத்து மரவரிசை 5 முதல் 6, பக்கத்து மரத்தழையின் நிழல் பக்கம் 7, அடிமரத்தின் இருள் 8. இதற்குக் கீழே போகத் தேவையில்லை.

இதில் இரண்டு இடங்களில்தான் ஓவியம் உடைகிறது. ஒன்று, மணல் மேல் விழும் நிழல். கேமரா அதைக் கறுப்பாக்கித் தரும். நேரில் அது அப்படி இல்லை: வெளிர் மணலின் மேல் வானம் முழுவதும் தன் நீல வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. புகைப்படத்தில் தெரிவதைவிட இரண்டு படி வெளுப்பாகப் போடுங்கள். அடிமரத்தின் இருளும் சாலை நிழலும் ஒரே டோனில் இருந்தால் வெயிலே இறங்கிவிடும். இரண்டு, மணல் வானத்தைவிட வெளுப்பாகிவிடுவது. அந்தப் பகுதி மண் பனியாறுகள் விட்டுப்போன மணல், நிஜமாகவே வெளுப்புதான். இருந்தாலும் தரை, மேலே உள்ள வெளிச்சத்தின் மூலத்தைவிட ஒரு இழை தாழ்ந்தே இருக்க வேண்டும். சாலையை வெறும் வெள்ளையால் மினுக்கினால் பனி பெய்ததுபோல் ஆகிவிடும்.

கேன்வாஸைத் தொடுவதற்கு முன்பு 6×8 செ.மீ. கட்டத்தில் பென்சிலால் மூன்றே டோன்களில் இந்தக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். அந்த அளவில் சாலை படுக்காவிட்டால் பெரிதாகப் போட்டாலும் படுக்காது.

வண்ணங்கள், அளவுகள்

ஒன்பது குழாய் போதும்: டைட்டானியம் வொயிட், கேட்மியம் யெல்லோ லைட், யெல்லோ ஓக்கர், கேட்மியம் ரெட் லைட், பெர்மனன்ட் அலிசரின், கோபால்ட் புளூ, அல்ட்ராமரீன், விரிடியன், பர்ன்ட் சியன்னா. கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் வேண்டிய இருள் கிடைக்கும். பழைய அலிசரின் வெளிச்சத்தில் மங்கும், அதனால்தான் ‘பெர்மனன்ட்’ என்றேன். விரிடியன் வாங்கும்போது குழாயின் பின்பக்கம் நிறமி எண்ணைப் பாருங்கள். பி.ஜி.18 என்றால் அசல். ‘விரிடியன் ஹ்யூ’ என்று போட்டு பி.ஜி.7 இருந்தால் அது தாலோ பச்சை. மிளகளவு விட்டாலும் மற்ற எல்லாவற்றையும் பச்சையாக்கும். மாணவர் தரக் குழாய்களில் இது சகஜம். ‘எல்லாம் ஒரே பச்சை’ என்ற உங்கள் குறையில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

பேலட்டில் வெள்ளையை நான்கு செ.மீ. நீளத்துக்கும், மற்றவற்றை ஒன்றரை செ.மீ. வீதமும் பிதுக்குங்கள். சிக்கனமாகப் பிதுக்குவது இந்தப் பாணிக்குப் பகை. தூரிகையில் வண்ணம் போதாதபோதுதான் கை தேய்க்க ஆரம்பிக்கிறது.

வெயில் மணல்: வெள்ளை ஆறு பங்கு, ஓக்கர் ஒன்று, கேட்மியம் ரெட் ஒரு தொடு. ஆரஞ்சாக அடித்தால் கோபால்ட் துளி விட்டு அடக்கலாம். மணல் மேல் நிழல்: வெள்ளை மூன்று, கோபால்ட் இரண்டு, அலிசரின் அரை, ஓக்கர் அரை. மரத்தடிக்கு அருகே நிழலில் ஓக்கர் கொஞ்சம் கூடட்டும், மரத்தை விட்டு விலக விலக நீலம் கூடட்டும். அங்கே திறந்த வானம் அதிகம் தெரிகிறது. ரை வயல்: வெள்ளை நான்கு, ஓக்கர் இரண்டு, கேட்மியம் யெல்லோ அரை, அதோடு விரிடியனும் அலிசரினும் கலந்த சாம்பல் ஒரு துளி. ரை, கோதுமை போலப் பொன்னிறமாக மின்னாது; சாம்பல் கலந்த வெளிறிய நிறம். அந்தச் சாம்பலை விட்டால் வயல் வேறு பயிராகிவிடும். வானம் மேலே கோபால்டும் வெள்ளையும் ஒன்றுக்கு நான்கு. தொடுவானத்தில் வெள்ளையோடு ஓக்கரும் அலிசரினும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்.

பச்சையைப் பிரிப்பது

இலைக்கு ஒரு நிறம் என்று ஒன்று இல்லை. அதன் மேல் என்ன வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதுதான் கேள்வி. பச்சையை நான்கு வகையாகப் பிரித்து, பேலட்டில் நான்கு தனிக் குவியலாகக் கலந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வானத்தைப் பார்த்துக் கிடக்கும் இலைப்பரப்பு வான வெளிச்சத்தை எதிரொளிக்கும். அது குளிர்ந்த, நீலம் கலந்த, வெளிறிய பச்சை. வெள்ளை, விரிடியன், துளி கோபால்ட். வெயில் இலைக்குள் ஊடுருவி நம் பக்கம் வரும் இடம்தான் சூடான மஞ்சள்பச்சை: கேட்மியம் யெல்லோ, விரிடியன், ஒரு துளி கேட்மியம் ரெட். இதில் வெள்ளை சேர்க்காதீர்கள். சேர்த்த நொடியில் சூடு போய்ச் சுண்ணாம்பு ஆகிவிடும். தழையின் உள்ளிருள் அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் விரிடியன், மெல்லிய பூச்சு. தூரத்து மரவரிசை பச்சையே அல்ல: கோபால்ட் ஒன்று, வெள்ளை மூன்று, ஓக்கர் அரை, அலிசரின் ஒரு தொடு. அதைப் பச்சையாகப் போட்டால் மரவரிசை பக்கத்தில் ஓடிவந்துவிடும்.

வில்லோவுக்கு ஐந்தாவது ஒன்று உண்டு. வெள்ளை வில்லோவின் இலை அடிப்பக்கம் வெள்ளிச் சாம்பல். காற்றில் புரளும்போது மரமே வெளுக்கும். வெள்ளை, விரிடியன், அலிசரின் சேர்த்த சாம்பல்பச்சையில் ஏழெட்டுத் தீற்றல், ஒரே திசையில். அதற்கு மேல் வைத்தால் அலங்காரமாகிவிடும். இந்த மரங்களின் வடிவத்தையும் கவனியுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலையை வெட்டி, முளைக்கும் நீண்ட கம்புகளைக் கூடைக்கும் வேலிக்கும் எடுப்பார்கள். அதனால் அடிமரம் குட்டையாய்த் தடித்து, உச்சி முண்டாகப் புடைத்து, அங்கிருந்து கம்புகள் விசிறியாய் எழும். படத்தில் காண்பதைத் தொங்கும் கிளை வில்லோவாக மாற்றிவிடாதீர்கள். அது பூங்கா மரம்.

வேலை நடக்கும் வரிசை

கேன்வாஸ் அட்டையோ, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு மூன்று கை பூசி 220 எண் உப்புத்தாளால் தேய்த்த எம்.டி.எஃப். பலகையோ எடுங்கள். பர்ன்ட் சியன்னாவையும் ஓக்கரையும் டர்பண்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசித் துணியால் துடைத்தால், டோன் 3 அளவில் ஒரு வெதுவெதுப்பான தளம் கிடைக்கும். பச்சை மிகுந்த காட்சியில் தீற்றல்களுக்கு இடையே இந்தச் செம்மை எட்டிப்பார்ப்பதுதான் பச்சையை உயிரோடு வைக்கும். மறுநாள் வரை காயவிடுங்கள்.

கோபால்டை நீர்க்கக் கரைத்துத் தொடுவானம், சாலையின் இரு விளிம்பு, மரங்களின் அடி, நிழல் பட்டைகள் மட்டும் வரையுங்கள். முதல் வண்ணம் நிழலுக்கு. எல்லா நிழலையும், மரம், தரை, புல் என்று பார்க்காமல், பத்து நிமிடத்தில் மெல்லிசாக நிரப்புங்கள். வெளியே வரைபவர்கள் இதைச் செய்வதற்குக் காரணம் சூரியன்: மணிக்கு 15 பாகை நகர்கிறது, இரண்டு மணி நேரத்தில் நிழல் வேறு இடத்துக்குப் போய்விடும். புகைப்படம் நகராது, ஆனாலும் வரிசையை மாற்றாதீர்கள். நிழல் முதலில் பூட்டப்பட்டால் வெயில் எங்கே என்ற குழப்பம் பிறகு வராது. அடுத்து வெயில் மணல், அதை ஒட்டி வானம். இந்த மூன்றும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்ளும்வரை வயலுக்குப் போகாதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அல்லது ஓவியத்தை கைபேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போது சாலை படுத்திருந்தால் மட்டும் மேலே போகலாம்.

தீற்றல் இப்போதுதான். பன்றிமுடித் தட்டைத் தூரிகை 4, 6, 8, 10. முன்னால் 10, தொடுவானத்துக்கு அருகே 4. தீற்றலின் அளவும் தூரத்தோடு சிறுத்தாக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கணக்குப் போட்டுப் படுக்க வைத்த சாலையைத் தீற்றலே மறுபடி தூக்கி நிறுத்தும். சாலையில் தீற்றல் கிடைமட்டமாகப் போகட்டும், தடங்களில் மட்டும் தடத்தின் போக்கில். செங்குத்துத் தீற்றல் முன்வரிசைப் புல்லுக்கு மட்டும். வானத்தில் குறுகிய சாய்தீற்றல், மெல்லிசாக. வண்ணத் தடிமன் வெயில் மணலிலும் வெயில் பட்ட தழையிலும் இருக்கட்டும். நிழல் மெல்லிசாகவே இருக்கட்டும்.

சிதறிய வண்ணம் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது: பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் இரண்டு நிறங்களும் ஒரே டோனில் இருக்க வேண்டும். நிழல் மணலில் நீலமும் ரோஜாவும் ஓக்கரும் சேர்ந்து நிற்கலாம், மூன்றும் ஐந்தரையில் இருந்தால். ஒன்று 4-க்குப் போனால் அது புள்ளியாகத் துருத்தும். நிழல் அம்மை போட்டதுபோல் ஆகும். இணைய ஓவியங்களில் பாதி இந்த இடத்தில்தான் கெடுகிறது.

சேறாவது எப்படி

ஈரத்தின் மேல் ஈரமாக வைக்கும் வேலை இது. தூரிகையை நிறைய ஏற்றி, ஒருமுறை வைத்து, எடுத்துவிட வேண்டும். இரண்டாவது தடவை அதே இடத்தில் இழுத்தால் அடி வண்ணம் ஏறிக்கொள்ளும். மூன்றாவது தடவையில் இரண்டுமே சாம்பல். தவறான தீற்றலைத் திருத்தித் தேய்க்காமல் பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஒவ்வொரு மூன்று நான்கு தீற்றலுக்கும் தூரிகையைத் துணியில் துடையுங்கள். டர்பண்டைனில் முக்கிக்கொண்டே இருந்தால் வண்ணம் நீர்த்து வழுக்கும். சூடான வண்ணத்துக்கும் குளிர்ந்த வண்ணத்துக்கும் தனித்தனித் தூரிகை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கலவையில் வெள்ளையைத் தவிர நான்கு குழாய்க்கு மேல் போகாதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் சேறானால் காரணம் பெரும்பாலும் டோன்: இருட்டாக இருக்க வேண்டிய இடத்தை வெளுப்பாகப் போட்டுவிட்டு, பிறகு அதை மேலே மேலே வண்ணம் வைத்துத் தாழ்த்தப் பார்ப்பது.

ஓரத்துச் சிவப்புப் பாப்பி, ரை வயலின் விளிம்பில் நீலக் கார்ன்ஃப்ளவர், வழியோர மரச்சிலுவை அல்லது சிறு கோயில்மாடம் ஆகியவை கடைசிப் பத்து நிமிடத்துக்கு. பாப்பி ஐந்தாறு தொடு போதும், சம இடைவெளி இல்லாமல். சிலுவையோ மாடமோ வைத்தால் அதன் உயரத்தைத் தொடுவான விதியில் பாருங்கள், 2.4 மீட்டர் சிலுவையில் மூன்றில் இரண்டு பங்கு தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்.

அடுத்து வடகிழக்குப் போலந்தின் வார்மியா, மசூரியா பக்கத்துச் சாலையை எடுக்க நினைத்தால் இந்தத் திட்டம் அப்படியே செல்லாது. அங்கே லிண்டன், ஓக், மேப்பிள் மரங்கள் இருபுறமும் நெருக்கமாக நின்று சாலையைக் கூரை போட்டிருக்கும். சாலையே நிழலில், டோன் 6. வெயில் பொட்டுகள் மட்டும் 3. அந்தப் பொட்டுகள் தரையில் கிடக்கும் நீள்வட்டங்கள், தூரம் போகப் போக கோடாய் மெலியும்; வட்டமாகப் போட்டால் காசு சிதறியதுபோல் தெரியும்.

முடித்த பிறகு

எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு வினைபுரிந்து இறுகுகிறது. தடித்த மணல் தீற்றல்கள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே வாரக்கணக்கில் ஆகும்; கேட்மியமும் அலிசரினும் மண் நிறங்களைவிட மெதுவாகக் காயும். இரண்டாவது அமர்வு வேண்டுமென்றால், மேல் பூச்சில் ஆளிவிதை எண்ணெய் அடிப்பூச்சைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும், குறைவாக அல்ல, மாறினால் வெடிக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுங்கள். மோனே, பிஸாரோ போன்றவர்கள் மங்கலான பரப்பையே விரும்பி வார்னிஷ் வேண்டாம் என்றவர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் மேட் வார்னிஷ். பளபளப்பு வந்தால் சாலை நிழலின் மெல்லிய நீலங்கள் ஒன்றாகி இருண்டுவிடும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இறுகும்போது சூடு பிறக்கும்; சுருண்ட துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகரத்தில் போடுங்கள்.